ஏரிக்கரைப் பேச்சு

எட்டுப் பெண்கள் ஒரே அறையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னால் என் தங்கை இன்றைக்கும் நம்பமாட்டாள். "நீயா? பேசாமயா?" என்பாள். நம்பாவிட்டால் போகட்டும். எங்கள் காதில் ஹெட்போன் இருந்தது. காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் கேசட் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். எங்கெங்கோ நடந்த விசாரணைகள், கூட்டங்கள், வாக்குமூலங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கேசட்டில் வரும். பேசியவர் பேசியபடியே கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு.

பெயிண்ட் கடைக்கு மேல் மாடி. எப்போதும் டர்பன்டைன் வாசம். மழைக்காலத்தில் கூரை மூன்று இடத்தில் ஒழுகும், மூன்று வாளி வைப்போம். வாளியில் சொட்டும் சத்தம் ஹெட்போனைத் தாண்டி வரும் என்பதால் ஒவ்வொரு வாளிக்குள்ளும் ஒரு பழைய துணியைப் போட்டு வைத்திருந்தோம். விரலெல்லாம் கார்பன் கறுப்பு. சாப்பிடும் முன் எலுமிச்சைத் தோலால் தேய்ப்போம். அப்படியும் என் ரவிக்கைகளில் இடது தோள் பக்கம் ஒரு கறை இருக்கும், ஹெட்போன் ஒயரை நான் அங்கேதான் தள்ளிவிடுவேன்.

எங்கள் கண்காணிப்பாளருக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தோம். ஆள் சிறுசு, சூடானால் வெடிப்பார். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு வார்த்தை புரியாவிட்டால் மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்கலாம். மூன்றிலும் பிடிபடாவிட்டால் புள்ளி வைத்துவிட்டு மேலே போய்விட வேண்டும்.

"நாலாவது தடவை கேட்டா காது கேக்காது, மனசுதான் கேக்கும். ஒங்க மனசுல இருக்கறத தட்டுறதுக்கு யாரும் ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கல" என்பார்.

நான் ஐந்தாறு தடவை திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறேன். எங்களில் அந்தச் சட்டத்தை மீற அவசியமே இல்லாதவர் ஒருவர்தான். அவருக்கு ஊரார் வைத்த பெயர் காதுக்காரி. நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும்.

ஒருவர் இரண்டு வரி பேசினால் போதும், அக்கா ஊரைச் சொல்லிவிடுவார். கூரைத் தண்ணீர் கீழே கடைக்குள் இறங்குகிறது என்று பெயிண்ட் கடைக்காரர் ஒருநாள் கத்திக்கொண்டு படியேறி வந்தார். புதிதாகக் கடையை வாங்கியவர். கடுகு ஏதோ சமாதானம் சொல்ல, இவர் இன்னும் எகிறினார். அக்கா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, "சார், நீங்க துறைமுகத்துல பொறந்தவரு. வீட்டுல மலைப் பக்கத்துப் பொண்ணு எடுத்திருக்கீங்க, சரியா?" என்றார்.

மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிம்மா தெரியும்? யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. துறைமுகத்துக்காரங்க மாதிரி சத்தமா ஆரம்பிக்கிறீங்க. முடிக்கிறப்ப மலைக்காரங்க மாதிரி மேல தூக்கி முடிக்கிறீங்க. அந்தத் தூக்கு ஒங்க வீட்டம்மா குடுத்தது."

"கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆச்சும்மா" என்று அவர் வெட்கப்பட்டார். கூரை விஷயம் அதோடு போயிற்று. மாலையில் எட்டுப் பேருக்கும் பன் வாங்கி அனுப்பினார்.

இதில் அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "ஒருத்தரோட தினம் ஒக்காந்து சாப்ட்டா அவங்க பேச்சு நம்ம வாயில ஏறிக்கும்டி. சண்டை போட்டா ஏறாது, சும்மா பக்கத்துல இருந்தா ஏறாது. ஒண்ணா சாப்ட்டாதான் ஏறும்." இதைச் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். பிற்பாடு இந்தக் கொள்கைதான் அந்த வீட்டைக் குட்டிச்சுவர் ஆக்கப் பார்த்தது.

அக்காவின் கணவர் வெல்டர். கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் மூன்று வருட ஒப்பந்தத்தில் போயிருந்தார். இரண்டு வருடம் முடிந்திருந்தது. நான் அங்கே குடிபோனபோது அவர் இல்லை, முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். வீட்டில் அக்கா, அக்காவின் மாமியார், இரண்டு பேர்தான். மாமியாரை நான் அம்மா என்பேன். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமே இல்லை.

கடிதம் எழுத வெல்டருக்குச் சோம்பல். அதனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரே ஒரு கேசட் போய் வந்துகொண்டிருந்தது. முதல் பக்கம் அவருக்கு, மறுபக்கம் இவர்களுக்கு. அவர் பேசி அனுப்புவார். இவர்கள் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அவர் தன் பக்கத்தில் பழையதை அழித்து அதன் மேலேயே புதிதாகப் பேசுவார். மாதம் ஒரு தடவை தபால்காரர் அந்த உப்பிய உறையைக் கொண்டுவருவார். உறைமேல் ஒட்டிய தபால்தலைகளின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அது ஒரு மெத்தை மாதிரி ஆகியிருந்தது.

பதில் பதிவு செய்வது ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்து, கீழே மடித்த துண்டைப் போடுவார். அம்மா அதன் முன் உட்கார்ந்து, மகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்பதால் அவ்வளவு தூரத்துக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

"அத்தை, மெதுவாப் பேசுங்க. அது பக்கத்துலதான் இருக்கு."

"அது பக்கத்துல இருக்கு, அவன் இருக்கானா?" என்று அம்மா திருப்பிக் கேட்பார். அவ்வளவும் பதிவாகும்.

நான் குடிபோன நான்காவது மாதம் கேசட் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே அம்மா வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, "என்னப்பா, வழியில எங்கயாவது போட்டுட்டியா?" என்று அவரைப் பிடுங்கி எடுத்தார். அப்புறம் மழை தொடங்கின வாரத்தில், ஒரு சனிக்கிழமை மதியம் உறை வந்தது. நானும் அக்காவும் அரைநாள் வேலை முடித்து நனைந்துகொண்டு வந்தபோது அம்மா உறையை முந்தானையில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

நான் மேலே போய்விட்டேன். புருஷன் பேச்சைப் பெண்டாட்டி கேட்கும்போது குடியிருக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? கீழே கேசட் ஓடும் சத்தம் மட்டும் முனகலாகக் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், மாடிக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே கேட்டது.

"வாயில எதையோ அடக்கிக்கிட்டுப் பேசுறான் பாரு! சின்னதுலேருந்தே இதே பழக்கம். தின்னுக்கிட்டே பேசாதடா, பேசாதடான்னு எத்தன தடவ அடிச்சிருப்பேன்!"

கேசட் பின்னால் ஓடி, மறுபடி முதலிலிருந்து முனகத் தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் துண்டு விரிக்கப்படவில்லை. திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அக்கா என் இடத்துக்கு வந்தார். கையில் ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த சீட்டை விரலால் மறைத்திருந்தார். ஏரிப் பக்கத்துக் கேசட் என்றால் அலுவலகத்தில் எனக்குத்தான் தள்ளிவிடுவார்கள். என் அப்பா அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் மூன்று வருடம் ஏரிக்கரைப் பள்ளியில் படித்தவள். ஊர்களைப் பிடிப்பதில் அக்கா ராணி என்றால் அந்த ஒரு கரைக்கு மட்டும் நான் குறுநில மன்னர்.

"இதக் கேட்டுச் சொல்லு. பத்து நிமிஷம் வேணாம், பத்து வரி போதும்" என்றார்.

கேட்டேன். ஓர் ஆண் குரல். தாடை இறங்காத பேச்சு. ஏரிக்கரைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். விடியற்காலைக் குளிர்காற்று வாய்க்குள் போய்விடும் என்று வாயைத் திறக்காமலே பேசிப் பழகியதாக அவர்களே ஒரு கதை சொல்வார்கள். பல்லோடு பல் ஒட்டினபடி, வார்த்தைகளின் முனை தேய்ந்து, நிதானமாக வரும். இந்தக் குரலும் அப்படியே வந்தது. வானிலை பற்றி, வேலை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் தூரத்தில் ஒரு பெண் குரல், அது அசல் ஏரிக்கரை, சந்தேகமே இல்லை. "கஞ்சி ஆறிப்போவுது, குடிச்சுட்டு அப்புறம் பேசேன்" என்றது.

எனக்கு ஒரே சந்தோஷம். பரீட்சையில் படித்த கேள்வியே வந்ததுபோல. "ஏரிப் பக்கம்க்கா! நூத்துக்கு நூறு. பொம்பள அங்கயே பொறந்தவ. ஆளு..." என்று இழுத்து, என் சாமர்த்தியத்தையும் காட்டிவிட வேண்டுமே என்று, "ஆளு வந்து ஒட்டினவன். கொஞ்ச நாளா அவ கையால சாப்பிடுறான்" என்றேன்.

அக்கா கேசட்டை வாங்கிக்கொண்டார். விரல் நகர்ந்தபோது சீட்டைப் பார்த்தேன். "வீட்டுக்கு" என்று வெல்டரின் கோணல் கையெழுத்து.

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் போல இருந்தது. "அக்கா, நான் ஏதோ வாய்க்கு வந்தத..."

"நீ சரியாத்தான் சொன்ன. நானும் அதத்தான் கேட்டேன்." ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை வரை பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அதுவும் என்னிடம் மட்டும், துணி துவைக்கிற இடத்தில், குழாய்ச் சத்தத்தில். அவர் கணவர் சந்தைப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தில் வாயைப் பெரிதாகத் திறந்து, வார்த்தையை ஒவ்வொன்றாக உடைத்துப் பேசுவார்கள்.

"தெரு முனையில நின்னு 'கதவத் தொற'ன்னு சொன்னா நான் இங்க தொறந்து வைப்பேன்டி. அப்படிப் பேசுற மனுஷன் ரெண்டு மாசத்துல இப்படி மாறணும்னா..." சோப்பைத் துணிமேல் தேய்த்துக்கொண்டே இருந்தார். "போன வருஷமே சொன்னாரு. பட்டறை கேன்டீன்ல நம்ம ஏரிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க சமையலுக்கு வந்திருக்காங்க, வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குன்னு. நான்கூட, நல்லதாப் போச்சு, வயித்துக்கு ஒழுங்கா சாப்பிடுவாருன்னு சொன்னேன். நானே சொன்னேன்."

"பேச்சு மாறினா மட்டும் போதுமாக்கா? வேற ஏதாவது இருக்கும்."

"ஆளு பொய் சொல்லலாம்டி. பேச்சு பொய் சொல்லாது. எத்தன தடவ கேட்டுட்டேன் தெரியுமா? முப்பது தடவைக்கு மேல இருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாக் கேக்குது."

ஒத்துப் பார்க்கப் பழைய குரல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மாதமும் அவர் தன் பழைய பேச்சை அழித்து அதன் மேலேதானே பேசினார். அந்தச் சந்தைக் குரல் அக்காவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது.

அக்கா அந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று. அம்மா கேட்டால், "அனுப்பிட்டேன் அத்தை, தபால் மெதுவாப் போகுது" என்றார். மழை நின்று, வெயில் வந்து, கூரை வாளிகளை எடுத்து அடுக்கிவிட்டோம். அக்கா பெயருக்கு ஒரு தபால் அட்டை வந்தது. சோம்பேறி வெல்டர் கையால் எழுதியது. "கேசட் கிடைத்ததா? எல்லோரும் நலமா? பதில் போடவும்." அக்கா அதைப் படித்துவிட்டு அதையும் டப்பாவுக்குப் பின்னால் செருகினார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னிடம் ஒரு தாளை நீட்டி, "எழுதிக்கோ, எல்லாரும் நல்லா இருக்கோம், இவளுக்கு வேலை ஜாஸ்தி, தின்னுக்கிட்டே பேசாதேன்னு எழுது" என்றார். எழுதினேன். தபாலில் போடும் முன் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அந்தக் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்தது. அந்த அம்மா என்னிடம் "போட்டுட்டியாம்மா?" என்றபோது "போட்டாச்சும்மா" என்றேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. அவர் வருவதற்கு முன் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். அங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. "அத்தையத்தான் எப்படி விடுறதுன்னு தெரியல" என்றார். பன்னிரண்டு வருடமாக அந்த அம்மாவோடு மூன்று வேளை உட்கார்ந்து சாப்பிட்டவர். இரண்டு பேருக்கும் தும்மல்கூட ஒரே மாதிரி வரும்.

அந்த வாரம்தான் மர ஆலை விசாரணைப் பெட்டி வந்தது. ஒரு பெரிய மர ஆலையில் நடந்த விபத்து பற்றித் தொழிலாளர்களிடம் கேட்டது. மொத்தம் பதினேழு கேசட். கடுகு அவற்றை மேசையில் பரப்பி, "எந்தெந்தப் பக்கத்து ஆளுங்கன்னு பிரிச்சுக் குடுங்க. அப்பத்தான் யாருக்கு எதுன்னு போட முடியும்" என்று அக்காவிடம் சொன்னார். அது எப்போதும் அக்காவின் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் கேட்பார், உறைமேல் பென்சிலால் துறைமுகம், மலை, சந்தை என்று எழுதிப் போடுவார்.

ஒன்பதாவது கேசட்டைக் கேட்டு "ஏரி" என்று எழுதினார். வழக்கப்படி அது எனக்கு வர வேண்டியது. எனக்கு அன்று கையில் வேறொன்று பாதியில் இருந்தது. அதனால் அவரே எடுத்து மெஷினில் போட்டார். என் இடத்துக்கு நேர் எதிர் இடம் அவருடையது. அவர் விரல்கள் ஓடுவது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா தட்டினால் கீரைத் தண்டு ஒடிக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும்.

அந்தச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கால் பெடலுக்கு மேலே தூக்கினபடி நின்றிருந்தது. குதிகாலை அழுத்திப் பின்னால் ஓட்டினார். கேட்டார். மறுபடி ஓட்டினார். மறுபடி. மூன்று தடவை. பிறகு ஹெட்போனைக் கழற்றி எழுந்து வந்து, என் ஹெட்போனைக் கழற்றினார். என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கேளு."

விசாரணை அதிகாரி ஊரைக் கேட்டார். அந்த ஆலைத் தொழிலாளி, தாடை இறங்காத, முனை தேய்ந்த, நிதானமான குரலில், "சந்தைப் பக்கம் சார். அப்பன் தாத்தன் எல்லாரும் அங்கதான்" என்றார்.

"பேச்சு அப்படித் தெரியலையே?"

"தாடை ஒடஞ்சதுலேருந்து இப்படித்தான் சார் வருது. ஒரு விரல் அளவுக்கு மேல வாய் தொறக்காது. மொதல்ல ரெண்டு மாசம் கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. கஞ்சிதான் குடிப்பேன். முன்னல்லாம் நான் தெரு முனையில பேசினா வீட்டுல கதவத் தொறப்பாங்க சார்."

பெடலிலிருந்து என் கால் தானாக எழுந்துவிட்டது. அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கடுகு, "என்னம்மா அங்க, கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். அந்த மனுஷனிடம் நான் கண்ட பெரிய நல்ல குணம் அதுதான்.

"நான் ஏரின்னு எழுதிட்டேன்" என்றார் அக்கா. "ஒரு நிமிஷம் கேட்டு, ஏரின்னு எழுதிட்டேன்டி."

கடுகிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கே கிளம்பினோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி. வீட்டுக்கு வந்ததும் அக்கா அரிசி டப்பாவை நகர்த்திக் கேசட்டை எடுத்தார். அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் இரு" என்றார் அக்கா. "மூணு தடவைதான். அதுக்கு மேல இல்ல."

ஒரு தடவையே போதுமாக இருந்தது. வெல்டர் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறுத்துகிறார். எச்சில் விழுங்குகிறார். விழுங்கும்போது ஒரு சின்ன முனகல். உதடு மட்டும்தான் வேலை செய்கிறது. ஏரிக்கரையில் யாரும் விழுங்கிவிட்டு முனகுவதில்லை. அதை நான் முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும், மூன்று வருடம் அங்கே படித்தவள். நாங்கள் இரண்டு பேரும் ஊரைத் தேடினோம், வாயைக் கேட்கவில்லை. கேன்டீன் அம்மா கஞ்சி ஆறிப்போகும் என்றது ஒரு நோயாளிக்கு. மகன் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறான் என்று காது மந்தமான அம்மா சொன்னதுதான் எல்லாவற்றிலும் சரியாக இருந்தது.

அக்கா அப்போதுதான் அழுதார். மூன்று மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். அம்மா வெங்காயக் கையோடு உள்ளே வந்து, "என்னடி, என்ன ஆச்சு? அவனுக்கு என்ன?" என்று பதறினார்.

"அத்தை, அவருக்குத் தாடை ஒடஞ்சிருக்கு போலிருக்கு. நம்மகிட்ட மறைச்சிருக்காரு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு, "அப்ப அவன் தின்னுக்கிட்டுப் பேசலியா?" என்றார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நான் திட்டினேனே!"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தாலும் மேசையில் துண்டு விரிந்தது. அக்கா முன்னால் உட்கார்ந்தார். பதிவு செய்யும் பொத்தானை நான் அழுத்தினேன். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சிலேயே இருக்கிறவர், தன் பேச்சு வராமல் தவித்தார். கேசட் சும்மா ஓடியது.

"தாடை வலிக்குதா?" என்றார் கடைசியில். "கம்பி எடுத்தாச்சா? நான் ஒங்களத் தப்பாக் கேட்டுட்டேன். வேணும்னு இல்ல. இல்ல, வேணும்னுதான் கேட்டேன். என் மேலதான் தப்பு. நீங்க வந்தப்புறம் ஒக்கார வச்சு எல்லாத்தையும் சொல்றேன், திட்டுங்க. அந்தக் கேன்டீன் அம்மாகிட்ட நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க."

அம்மா மறுபக்கத்திலிருந்து குனிந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "கஞ்சிய ஆத்திக் குடிப்பா" என்றார்.

மறுநாள் காலை நானே போய்த் தபாலில் போட்டேன். என் டிரங்குப் பெட்டிக் கடிதத்தையும் சேர்த்து.

பதில் ஐந்து வாரத்தில் வந்தது. இந்தத் தடவை அக்கா என்னை மாடிக்குப் போக விடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். கப்பிச் சங்கிலி அறுந்து கொக்கி வந்து தாடையில் அடித்ததாம். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லாமல் நான்கு வரியில் முடித்துவிட்டார். பிறகு விழுங்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசம் பேசவே முடியல. அப்புறமும் ஒடனே அனுப்ப பயம். ஒன் காதுக்குத் தெரியாம நான் என்னத்த மறைக்க முடியும்? நாலு நாள் தனியா ஒக்காந்து பேசிப் பழகினேன். முன்ன மாதிரி பேசிப் பாத்தேன், வரல. சரி, மெதுவாப் பேசுவோம், தெரியாதுன்னு நெனச்சேன். நீ பதிலே போடல. ஒனக்குத் தெரிஞ்சிடுச்சு, இந்தப் பேச்ச ஒன்னால கேக்க முடியலன்னு நெனச்சுக்கிட்டேன். அது தப்பில்லன்னும் நெனச்சேன். நாள் பூரா நல்ல நல்ல பேச்சக் கேக்குறவ. எனக்கே என் குரல் பிடிக்கல."

அக்கா கேசட்டை நிறுத்தவில்லை, பின்னால் ஓட்டவும் இல்லை. டேப் ரெக்கார்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இந்த உலகத்தில் ஒரு ஆளை மூன்று மாதம் அப்படி நினைக்க விட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் அங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வெல்டர் வந்த அன்று விமான நிலையத்துக்கு நானும் போனேன். போட்டோவில் இருந்த முகத்தின் கீழ்ப்பாதி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பெட்டிகளைச் சோதித்தவர் ஏதோ கேட்க, இவர் ஏதோ சொன்னார். சோதித்தவருக்குப் புரியவில்லை. "ஏரிப் பக்கமா நீங்க?" என்றார்.

அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து, ஒரு கூட்டத்துக்கே கேட்கிற சத்தத்தில், "இல்ல சார், சந்தைப் பக்கம்! பெட்டியில வெல்டிங் கண்ணாடி, ரெண்டு கம்பளி, அம்மாவுக்கு ஒரு செருப்பு, அவ்வளவுதான்னு சொல்றாரு!" என்றார். வெல்டர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒதுங்கின வாய் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து சிரித்தார். ஒரு விரல் அளவு இருக்கும்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி வேறு ஊர் வந்துவிட்டேன். பிள்ளைகள், மாமனாரின் நோய், வீடு மாற்றல் என்று இருபது வருடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. ஆனால் எந்தப் பெயிண்ட் கடையைத் தாண்டிப் போனாலும் கால் கொஞ்சம் தயங்கும். அந்த மாடியும், துணி போட்ட வாளிகளும், எலுமிச்சைத் தோல் மணக்கும் எட்டு ஜோடிக் கைகளும் மூக்கு வழியாக வந்துவிடும்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல். பல்லோடு பல் ஒட்டினபடி, தாடை இறங்காமல், வார்த்தை முனை தேய்ந்து, நிதானமாக, "நல்லா இருக்கியா?" என்றது. கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்தியது. விழுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு நிறுத்தம்.

எனக்குத் தெரிந்த ஏரிக்கரைக்காரர்களையெல்லாம் மனசு தேட ஆரம்பித்தது. தேட விடவில்லை நான். அது எந்தக் கரையும் இல்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஒருத்தி, இருபது வருடமாக ஒரு மனிதரோடு தினமும் உட்கார்ந்து, ஆறின கஞ்சியும் மசித்த கிழங்கும் சாப்பிட்ட பேச்சு.

"என்னடி, பேச்சையே காணோம்? யாருன்னு தெரியலையா?"

"தெரிஞ்சிடுச்சுக்கா" என்றேன். "மொதத் தடவையிலயே தெரிஞ்சிடுச்சு."